வகுப்பறை ஜன்னலுக்குத் திரை தைக்க எத்தனை மீட்டர் துணி வேண்டும்?

ஊசிநூல் · ஜூன் 14, இரவு 9:20

எல்லோருக்கும் வணக்கம். நான் வீட்டிலேயே பிளவுஸ், சுடிதார் தைக்கிறவள். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். மகள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அரசின் எண்ணும் எழுத்தும் கற்றல் திட்டம் வந்த பிறகு அவர்கள் பள்ளியில் ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிந்து தரையில் உட்காருகிறார்கள். மொத்தம் 27 பேர்.

போன வாரம் தலைமையாசிரியை கூப்பிட்டு, "அந்த அறைக்கு ஜன்னல் திரையும் கொஞ்சம் திண்டும் தைத்துக் கொடுங்களேன், பிள்ளைகளுக்கு வீடு மாதிரி இருக்கட்டும்" என்றார். கையில் 3,000 ரூபாய் இருக்கிறதாம். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். இப்போதுதான் பயமாக இருக்கிறது. பிளவுஸில் கால் அங்குலம் பிசகினால் எனக்குத் தெரியும், திரையில் என்ன பிசகும் என்றே தெரியாது.

நான்கு ஜன்னல், ஒரு வாசல். ஜன்னல் ஒவ்வொன்றும் 4க்கு 4 அடி. எத்தனை மீட்டர் எடுக்க வேண்டும்? என்ன துணி? கார்ட்டூன் போட்ட துணி நன்றாக இருக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரெட்டைத்தையல் · ஜூன் 14, இரவு 10:05

சகோதரி, நான் கரூரில் திரை, மெத்தை உறை தைக்கிற யூனிட்டில் 14 வருடமாக இருக்கிறேன். பயப்படாதீர்கள், பிளவுஸ் தைக்கத் தெரிந்தவருக்குத் திரை நேர்த்தையல்தான். கஷ்டம் எல்லாம் அளவெடுப்பதிலும் மாட்டுவதிலும்.

முதலில் இதைச் சொல்லுங்கள். ஜன்னல் கதவு உள்பக்கம் திறக்கிறதா, வெளிப்பக்கமா? ஜன்னல் கம்பி சட்டத்தின் எந்தப் பக்கம் இருக்கிறது? ஜன்னலுக்கு மேலே சுவரில் எத்தனை அங்குலம் இடம்? உள்பக்கம் திறக்கும் கதவாக இருந்தால் திரை போட்ட அன்றே தகராறு தொடங்கிவிடும்.

பழைய_கரும்பலகை · ஜூன் 15, காலை 6:10

அம்மா, 31 வருடம் தொடக்கப் பள்ளியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும்.

எத்தனை மீட்டர் என்று கேட்பதற்கு முன்னால், திரை எதற்கு என்று கேட்டீர்களா? வீடு மாதிரி என்கிறார் தலைமையாசிரியை. நம் வீடுகளில் ஜன்னல் திரை எதற்குப் போடுகிறோம்? தெருவில் போகிறவர் உள்ளே பார்க்கக் கூடாது என்று. வகுப்பறைக்கு அந்தத் தேவை கிடையாது. அங்கே வேண்டியது காற்றும் வெளிச்சமும். நான்கு ஜன்னலையும் துணியால் மூடினால் கரண்ட் போன நேரத்தில் 27 பிள்ளைகள் இருட்டில் வேர்த்துக்கொண்டு உட்கார வேண்டும்.

ஒன்று செய்யுங்கள். மதியம் இரண்டரை மணிக்கு அந்த அறைக்குப் போய், பிள்ளைகள் உட்காரும் இடத்தில், தரையில், உட்காருங்கள். நாற்காலியில் வேண்டாம். ஒவ்வொரு மூலையிலும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து கரும்பலகையைப் பாருங்கள். எழுத்து எங்கிருந்து தெரியவில்லையோ அதைக் குறித்துக்கொண்டு வாருங்கள். அப்புறம் துணி வாங்கலாம்.

கண்ணாடிவளையல் · ஜூன் 15, காலை 11:32

ஏன் இவ்வளவு யோசனை? ரெடிமேடாகக் கார்ட்டூன் திரை ஆன்லைனில் கிடைக்கிறது. என் மகன் படிக்கும் பள்ளியில் அதுதான். போட்டோ எடுத்தால் அழகாக இருக்கும்.

பழைய_கரும்பலகை · ஜூன் 15, காலை 11:50

போட்டோவுக்கு அழகுதான். கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒரு கரடி பலூன் பிடித்துக்கொண்டு நின்றால், ஆறு வயதுப் பிள்ளை கரும்பலகையைப் பார்க்குமா, கரடியைப் பார்க்குமா? நானாக இருந்தாலும் கரடியைத்தான் பார்ப்பேன்.

ஊசிநூல் · ஜூன் 17, இரவு 8:45

ஐயா சொன்னபடி இன்றைக்குப் போய் உட்கார்ந்தேன். பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. "ஆன்ட்டி எந்த வகுப்பு?" என்று கேட்டார்கள்.

அறை 20க்கு 20 அடி. கரும்பலகை தெற்குச் சுவரில். மேற்கில் இரண்டு ஜன்னல், கிழக்கில் இரண்டு. மேற்குச் சுவரோரம் உட்கார்ந்தால் எழுத்து நன்றாகத் தெரிகிறது. நடுவில் பரவாயில்லை. கிழக்கு ஓரத்தில் போய் உட்கார்ந்தால் கரும்பலகையில் பாதி வெள்ளையாகப் பளபளக்கிறது. ஒரு எழுத்து தெரியவில்லை. கரும்பலகைக்குப் பக்கத்தில் இருக்கும் மேற்கு ஜன்னலின் வெளிச்சம்தான் அது. எழுந்து போய் அந்த ஒரு ஜன்னலைச் சாத்தினேன், உடனே தெளிவாகத் தெரிந்தது. மற்ற மூன்று ஜன்னலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

கிழக்கு ஓரத்தில் ஏழெட்டுப் பேர் உட்காருகிறார்கள். என் மகளும் அங்கேதான். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுகிறாள் என்று போன மாதம்தான் அவளைத் திட்டியிருந்தேன்.

ரெட்டைத்தையல் அண்ணா, ஜன்னல் கதவு வெளியே திறக்கிறது, கம்பி உள்பக்கம். மேலே ஒரு அடிக்கு மேல் சுவர் இருக்கிறது.

பழைய_கரும்பலகை · ஜூன் 17, இரவு 9:15

நல்லது. இப்போது இன்னொன்று. கரும்பலகை பழையதா? வருடக்கணக்காக ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துப் பலகை வழவழப்பாகிவிடும். வெளிச்சம் பட்டால் கண்ணாடி மாதிரி திருப்பி அடிக்கும். நாங்கள் அந்தக் காலத்தில் அடுப்புக்கரியையும் கோவை இலையையும் சேர்த்து அரைத்துத் தேய்ப்போம், வெள்ளிக்கிழமை மதியம் அதற்கென்றே ஒரு கூட்டம் கையெல்லாம் கறுப்பாக நிற்கும். இப்போது கரும்பலகைப் பெயிண்ட் கிடைக்கிறது. அதை முதலில் அடிக்கச் சொல்லுங்கள். திரையின் வேலையில் பாதியை அதுவே செய்துவிடும்.

அப்புறம், இது ஆனி மாதக் கணக்கு. வெயில் இப்போது வடமேற்கிலிருந்து இறங்குகிறது, அதனால் தெற்குச் சுவரில் விழுகிறது. மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும்போது வெயில் விழும் கட்டம் வேறு இடத்துக்கு நகரும். அப்போது மறுபடியும் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ரெட்டைத்தையல் · ஜூன் 17, இரவு 10:40

ஒரு ஜன்னல் என்றால் செலவு எங்கேயோ இறங்கிவிட்டது. சரி, கணக்குப் போடுவோம்.

ஜன்னல் 48 அங்குல அகலம். திரைக் கம்பி இரண்டு பக்கமும் 3 அங்குலம் தள்ளி நிற்கட்டும், 54 அங்குலம். இல்லாவிட்டால் ஓரத்து வழியே வெயில் நுழையும். திரைத்துணி பெரும்பாலும் 48 அங்குலப் பன்னாவில் (துணி அகலத்தில்) வரும். இரண்டு துண்டு வைத்தால் 96, ஓரமடிப்பு போக 92. 54 அங்குலத்துக்கு 92 என்றால் சுருக்கம் ஒன்றே முக்கால் மடங்கு கிட்ட. வீட்டுக்கு இரண்டு, இரண்டரை மடங்கு வைப்போம். பள்ளிக்கு இது தாராளம்.

உயரம்: ஜன்னலுக்கு மேலே 4, கீழே 4 சேர்த்து 56. மேலே கம்பி நுழையும் குழல் மடிப்புக்கு 3½, கீழ் மடிப்புக்கு 4½. ஆக 64. பருத்தி என்றால் துவைத்ததும் சுருங்கும், அதற்கு 3 அங்குலம். 67. இரண்டு துண்டுக்கு 134 அங்குலம், மூன்றரை மீட்டர் வாங்குங்கள்.

வாங்கி வந்ததும் வெட்டாதீர்கள்! ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட்டு, இஸ்திரி போட்ட பிறகு வெட்டுங்கள். பிளவுஸ் லைனிங் துணிக்குச் செய்வீர்களே, அதே கதைதான். கீழ் மடிப்பை இவ்வளவு அகலமாக வைக்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. பிறகும் கொஞ்சம் சுருங்கினால் பிரித்து இறக்கிக்கொள்ளலாம்.

நிறம் சந்தனம், வெளிர் பச்சை, வெளிர் நீலம். அடர் நிறம் அறையை இருட்டாக்கும். சுத்த வெள்ளை வேண்டாம், பிள்ளைகள் கை துடைப்பார்கள். நெசவு நெருக்கமாக இருக்கட்டும், துணியை வெயிலுக்கு நேரே பிடித்தால் சூரியன் வட்டமாகத் தெரியக் கூடாது. இயந்திரத்தில் 16ஆம் எண் ஊசி போடுங்கள். பிளவுஸுக்குப் போடும் ஊசி நான்கு மடிப்பு வரும் மூலையில் உடையும்.

துணிக்கு ஈரோட்டுச் சந்தைக்கோ கரூருக்கோ வரும் உறவினர் யாராவது இருந்தால் சொல்லி விடுங்கள். ஏற்றுமதிக்குப் போய் மீந்த துணி கிலோ கணக்கில் கிடைக்கும். நல்ல கனமான பருத்தியாகப் பார்த்து எடுக்கலாம்.

மணிமுத்து_அம்மா · ஜூன் 18, காலை 7:30

துணி வாங்கவே வேண்டாம். கைத்தறிச் சேலை ஒன்று போதும். ஐந்தரை மீட்டரை நாலாக வெட்டினால் ஒவ்வொன்றும் 54 அங்குலம் வரும். பக்க ஓரம் இரண்டும் கரையோடு முடிந்திருக்கும், மடிக்க வேண்டாம். மேலும் கீழும் மடித்தால் முடிந்தது. எங்கள் ஊர் அங்கன்வாடிக்கு அப்படித்தான் செய்தோம்.

ரெட்டைத்தையல் · ஜூன் 18, காலை 9:02

அம்மா சொல்வது நல்ல யோசனை. இரண்டு எச்சரிக்கை. மடிப்பு போக உயரம் 46, 47 அங்குலம்தான் நிற்கும், சின்ன ஜன்னலுக்குச் சரி, 4 அடி ஜன்னலுக்குப் போதாது. அப்புறம், கட்டிக் கட்டி நைந்த சேலை வெயிலில் ஒரு வருடம் தாங்காது. கையில் எடுத்துக் குறுக்கே பலமாக இழுத்துப் பாருங்கள். நூல் விலகினால் விட்டுவிடுங்கள், விரிப்புக்கு ஆகும்.

காவிரிக்கரை · ஜூன் 18, இரவு 8:20

வகுப்பறையில் துணி என்றதும் எனக்கு வயிறு கலங்குகிறது. நான் கும்பகோணம். 2004 ஜூலை 16, 94 பிள்ளைகள். சமையல் கூடத்துத் தீ கூரைக் கீற்றில் ஏறியது. அன்றைக்கு ஊரில் இருந்தவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். அதற்குப் பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கூரையை எடுக்க வைத்தார்கள். கான்கிரீட் கட்டடம்தானே என்று நாமே உள்ளே எரியும் பொருளைக் கொண்டுபோய்த் தொங்கவிடக் கூடாது.

வேண்டாம் என்று சொல்லவில்லை. வாசலுக்குத் திரை போடவே போடாதீர்கள். 27 பேர் ஓடி வரும் வழி அது. சுவிட்ச் போர்டுக்கு இரண்டு மூன்று அடி பக்கத்தில் எதுவும் தொங்கக் கூடாது. சத்துணவுக் கூடத்தைப் பார்த்த ஜன்னலுக்குத் துணி வேண்டாம். சரஸ்வதி பூஜைக்கு வகுப்பில் விளக்கேற்றுவார்கள், அன்றைக்குத் திரையைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

துணி வாங்கும்போது நாலு நூல் உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி, காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் உருகி மணியாகத் திரளும். எரியும்போது சொட்டும், தோலில் பட்டால் ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் எரியத்தான் செய்யும், ஆனால் நெருக்கமான கனத்த பருத்தி மெல்லிய துணி மாதிரி சட்டென்று பற்றாது.

ஊசிநூல் · ஜூன் 18, இரவு 9:40

வாசல் திரையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். தலைமையாசிரியையிடம் இந்தக் காரணத்தைச் சொன்னேன், மறுபேச்சு இல்லை.

பனங்குருத்து · ஜூன் 19, இரவு 7:15

வணக்கம் அக்கா, நான் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிறேன். எங்கள் பாடசாலையில் பழைய மண்டபத்தை மறைப்பு வைத்து மூன்று வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள், சுவர் பாதிதான், மேலே திறந்தபடி. எங்களுக்கு வெயில் பிரச்சினை இல்லை, சத்தம்தான் பிரச்சினை. ஒரு வகுப்பு வாய்ப்பாடு சொன்னால் என் வகுப்புக்கு நான் கதைப்பது கேட்காது.

மறைப்புப் பலகைகளின் மேல் தடித்த துணியைக் கொசுவம் வைத்துத் தொங்கவிட்டோம். சத்தம் நின்றது என்று பொய் சொல்ல மாட்டேன், பக்கத்து வகுப்பு இப்போதும் கேட்கும். ஆனால் என் வகுப்புக்குள் இருந்த எதிரொலி நல்லாகக் குறைந்தது. தொண்டை கட்டுவது நின்றுவிட்டது. உங்கள் அறை கொங்கிரீட் என்றால், நடுவில் நின்று ஒருக்கா கை தட்டிப் பாருங்கோ. சத்தம் இழுபட்டால் ஜன்னலை விட்டுவிட்டு, ரீச்சர் நிற்கிற இடத்துக்கு எதிர்ச் சுவரில் துணி போடுங்கோ. சுவரோடு ஒட்டாமல் இரண்டு அங்குலம் தள்ளி, மடிப்பு மடிப்பாக.

ஊசிநூல் · ஜூன் 20, மாலை 6:05

கை தட்டிப் பார்த்தேன் பனங்குருத்து. கோயில் மண்டபம் மாதிரி இருக்கிறது.

நேர்கேள்வி · ஜூன் 20, இரவு 11:11

எல்லோரும் மீட்டர் கணக்கும் கை தட்டும் பேசுகிறீர்கள். இந்தப் பெண்ணுக்குத் தையல் கூலி எவ்வளவு என்று ஒருவரும் கேட்கவில்லை. பெயிண்ட் அடிக்கிறவருக்குக் கூலி உண்டு, ஃபேன் மாட்டுகிறவருக்குக் கூலி உண்டு. அம்மாக்கள் தைத்தால் மட்டும் சேவை. அரசு செய்ய வேண்டியதை ஊரார் தலையில் கட்டுவது, ஊரார் அதைப் பெண்கள் தலையில் கட்டுவது. நல்ல ஏற்பாடு.

மணிமுத்து_அம்மா · ஜூன் 21, காலை 6:50

நம் பிள்ளை படிக்கிற இடத்துக்குச் செய்வதற்கும் கூலியா தம்பி?

நேர்கேள்வி · ஜூன் 21, காலை 7:20

ஆமாம் அம்மா. அவர் அந்த நேரத்தில் நாலு பிளவுஸ் தைத்தால் வீட்டுக்கு அரிசி வரும். அது எந்தப் பிள்ளைக்காம்?

பழைய_கரும்பலகை · ஜூன் 21, காலை 8:40

தம்பி கேட்பது நியாயம். நான் வேலையில் இருந்தபோது இப்படி எத்தனை பேரிடம் சும்மா வேலை வாங்கியிருக்கிறேன் என்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அம்மா, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை வையுங்கள். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். துணி இவ்வளவு, கூலி இவ்வளவு என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். வேண்டாம் என்று நீங்கள் விட்டுக்கொடுத்தால், விட்டுக்கொடுத்தார் என்றும் எழுதட்டும். தைத்து முடித்ததும் இருப்புப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் அடுத்து வரும் தலைமையாசிரியர் ஒரே நாளில் சுருட்டிப் போடுவார். ஏற்றிவிட்டால், கிழிந்து கந்தலான பிறகும் எண்ணிக் காட்டச் சொல்வார்கள். இரண்டில் இரண்டாவது மேல்.

துவைப்பது யார் என்பதையும் அதே கூட்டத்தில் முடிவு செய்யுங்கள். பிள்ளைகளிடம் கொடுக்கக் கூடாது. தூய்மைப் பணியாளர் தலையில் கட்டவும் கூடாது.

ஊசிநூல் · ஜூன் 29, இரவு 9:00

கூட்டம் முடிந்தது. கூலி 600 ரூபாய் எழுதியிருக்கிறார்கள். முதலில் வேண்டாம் என்றுதான் சொல்ல வந்தேன், நேர்கேள்வி எழுதியது ஞாபகம் வந்தது, வாயை மூடிக்கொண்டேன். துவைப்பதை நாங்கள் ஆறு பேர் மாதம் ஒருவராக எடுத்துக்கொண்டோம். இரண்டு அப்பாக்கள் சேர்ந்ததுதான் ஆச்சரியம்.

இப்போது திண்டு. தலைமையாசிரியை ஆளுக்கொன்று கேட்கிறார், 27. இலவம்பஞ்சு வாங்கலாமா?

அரும்பு_டீச்சர் · ஜூன் 29, இரவு 10:30

நான் வேறு மாவட்டத்தில் இதே மாதிரி வகுப்பு எடுக்கிறேன். ஆளுக்கொரு திண்டு செய்து கையைச் சுட்டுக்கொண்டவள். தயவுசெய்து வேண்டாம்.

முதல் வாரம் சொர்க்கம். இரண்டாம் வாரம் திண்டால் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டார்கள். மூன்றாம் வாரம் ஒரு பிள்ளை அதிலேயே ஒன்றுக்குப் போய்விட்டது, முதல் வகுப்பில் சகஜம்தானே. இலவம்பஞ்சைத் துவைக்க முடியாது, வெயிலில் போட்டுத் தட்டத்தான் முடியும். ஒரு தையல் விட்டால் போதும், பஞ்சு அறை முழுக்கப் பறக்கும், எனக்கு மூன்று நாள் தும்மல். அப்புறம் பேன். தலை வைத்துப் படுக்கும் எதையும் பொதுவில் வைத்தால் பேன் பரவவும் கூடும்.

இப்போது வாசிப்பு மூலையில் மட்டும் நாலு திண்டு வைத்திருக்கிறேன். துவைக்கக் கூடிய ரெக்ரான் (பாலியஸ்டர்) பஞ்சு. உள்ளே ஒரு உறை, வெளியே ஒரு உறை. ஜிப் வேண்டாம், பிடித்து இழுத்தே பல்லை உடைத்துவிடுவார்கள். பின்பக்கத் துணியை இரண்டு துண்டாக வெட்டி ஒன்றின் மேல் ஒன்று 4 அங்குலம் ஏறும்படி தையுங்கள், தலையணை உறை மாதிரி. வெள்ளிக்கிழமை உறை நாலும் துவைக்கப் போகும்.

தரைக்குப் பாய்தான் நல்லது. கோரைப்பாயின் இரண்டு முனையும்தான் முதலில் பிரியும், அந்த முனைகளுக்கு மட்டும் இரண்டு அங்குலப் பட்டி வைத்துத் தைத்தால் இரண்டு மடங்கு நாள் வரும்.

கண்ணாடிவளையல் · ஜூன் 30, காலை 10:15

திருப்பூர்ப் பனியன் வேஸ்ட் அடைத்தால் காசே ஆகாதே?

அரும்பு_டீச்சர் · ஜூன் 30, மாலை 4:50

அடைத்துப் பார்த்தேன். கல்லு மாதிரி ஆகிவிடும். நனைந்தால் மூன்று நாள் காயாது, நாறும். முதுகு சாய்க்கும் நீளத் திண்டுக்கு ஆகும், உட்கார ஆகாது.

ஊசிநூல் · ஜூலை 13, இரவு 9:55

ஒரு தப்பு நடந்துவிட்டது. திரைத்துணியை ஊறவைத்தேன், அது ஒழுங்காக இருந்தது. பாய்க்குப் பட்டி வைக்க இங்கே ஒரு கடையில் சிவப்புத் துணி வாங்கினேன். கெட்டிச் சாயம் என்று சொன்னார்கள். பட்டிதானே, சுருங்கினால் என்ன என்று ஊறவைக்காமல் தைத்துக் கொடுத்துவிட்டேன். வியாழக்கிழமை மழை. நனைந்துகொண்டே வந்த பிள்ளைகள் பாய் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். சாயங்காலம் ஏழு பேர் சீருடையின் பின்பக்கத்தில் சிவப்புக் கோடு. ஒரு அம்மா வீட்டுக்கே வந்து பாவாடையைக் காட்டிவிட்டுப் போனார். அந்த ஏழு சீருடையையும் நானே வாங்கித் துவைத்தேன், ஐந்துதான் வெளுத்தது.

இரண்டாவது, ஆடி இன்னும் பிறக்கவே இல்லை, அதற்குள் காற்று. திரையைச் சோதனைக்கு மாட்டினால் பட்டம் மாதிரி மேலே ஏறி, டீச்சரின் மேசையிலிருந்து சாக்பீஸ் டப்பாவைத் தட்டிவிட்டது. கீழ் மடிப்பில் கனத்துக்கு வாஷர் வைத்துத் தைக்கலாமா?

ரெட்டைத்தையல் · ஜூலை 13, இரவு 11:00

சிவப்பு, கருநீலம் இரண்டையும் நான் கடவுள் வந்து சொன்னாலும் நம்ப மாட்டேன். வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, சாயத்துணி மேல் அழுத்தித் தேய்த்துப் பார்க்க வேண்டும். அடுத்த முறை கடைவாசலிலேயே செய்யுங்கள், கைக்குட்டை போதும்.

வாஷர் வேண்டாம். இரண்டு துவைப்பில் துருக்கறை வரும். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும், வாஷர் எம்மாத்திரம்? கண்ணாடி பீரோ, காரின் பின்ஜன்னல் திரை எல்லாம் எப்படி நிற்கிறது? மேலே ஒரு ஸ்பிரிங் கம்பி, கீழே ஒரு ஸ்பிரிங் கம்பி. அதையே செய்யுங்கள். கீழ் மடிப்பு 4 அங்குலம் இருக்கிறதே, அதன் அடியில் ஒரு அங்குலம் விட்டு இன்னொரு தையல் ஓட்டினால் குழல் தயார்.

கீழ்க் கொக்கி பிள்ளைகளின் முக உயரத்தில் வரும். முனை நீட்டிய கொக்கி போடாதீர்கள், மூடிய வளையம் போடுங்கள். திரையை ஒதுக்கிக் கட்ட நீளக் கயிறு விடவே கூடாது, விளையாட்டில் கழுத்தில் மாட்டும். ஒரு சாண் பட்டையில் வெல்க்ரோ வைத்துத் தையுங்கள். மேல் கம்பிக்கும் சொல்கிறேன்: கனமான பைப் எதுவும் வேண்டாம். யாராவது ஒருத்தர் திரையைப் பிடித்துத் தொங்கத்தான் போகிறார். அப்போது கம்பி தலையில் விழக் கூடாது, துணி கையோடு வந்தால் பரவாயில்லை.

ஊசிநூல் · ஆகஸ்ட் 24, இரவு 8:30

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, என்ன ஆயிற்று என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். எழுதுகிறேன்.

கரும்பலகைக்குப் பெயிண்ட் முதலில் அடித்தார்கள். கரும்பலகைப் பக்கத்து ஜன்னலுக்கு வெளிர் பச்சைத் திரை, மேலும் கீழும் ஸ்பிரிங் கம்பி. காலையில் ஒதுக்கிக் கட்டியிருக்கும், மதியம் சாப்பிட்டு வந்ததும் மூடுவார்கள். மற்ற மூன்று ஜன்னலுக்கும் எதுவும் போடவில்லை. மீந்த பணத்தில் நாலு திண்டு, பாய் பட்டிகள் (சிவப்பைப் பிரித்து எடுத்துவிட்டுக் சாயம் போடாத காடாத் துணி), அப்புறம் வடக்குச் சுவருக்கு ஒரு தொங்கல்.

அந்தத் தொங்கலைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் கல்யாணத்துக்கு வாங்கிய பவானி ஜமக்காளம் எலி கடித்துக் கிடந்தது. கடித்த பாகத்தை வெட்டிவிட்டு, கனமான காடாவில் 9க்கு 11 அங்குலப் பைகள் 20 தைத்து அதன்மேல் வைத்தேன். என் மிஷின் முனகிவிட்டது. 18ஆம் எண் ஊசி போட்டும் நடுக்கட்டம் ஏறவில்லை, அங்கே கோணி ஊசியால் கையில்தான் தைத்தேன். புத்தகம் செருகினால் முன்னட்டை பாதி வெளியே தெரியும். சுவரில் ரீப்பர் கட்டை (மெல்லிய மரச்சட்டம்) அடித்து, அதில் தொங்கவிட்டோம், அதனால் சுவரைத் தொடாமல் நிற்கிறது. மாட்டிய அன்றைக்குக் கை தட்டிப் பார்த்தேன். பனங்குருத்து, சத்தம் பாதியாவது செத்துவிட்டது. டீச்சர் அதைக் கவனித்தாரா தெரியாது, "பிள்ளைகள் இப்போது மெதுவாகப் பேசுகிறார்கள்" என்று மட்டும் சொன்னார்.

தோற்றதையும் சொல்லிவிடுகிறேன். பைகளில் அடிவரிசை ஐந்தும் வீண். புத்தகம் வைக்க மாட்டேன் என்கிறார்கள். சாக்பீஸ் துண்டு, புளியங்கொட்டை, ஒரு தடவை பாதி முட்டை. முட்டை நாற்றம் வந்துதான் கண்டுபிடித்தோம். திரையை மூடுகிற வேலைக்கு தினமும் சண்டை, இப்போது அட்டையில் பெயர் எழுதி முறை வைத்திருக்கிறார்கள். ஒரு பையன் பிடித்துத் தொங்கினான். அண்ணா சொன்ன மாதிரியே துணிதான் வந்தது, குழல் தையல் ஒரு சாண் பிரிந்தது.

அரும்பு_டீச்சர் · ஆகஸ்ட் 24, இரவு 9:10

அடிவரிசைப் பைகளுக்கு அடியில் ஒரு ஓட்டை வைத்துத் தைத்துவிடுங்கள், போட்டது கீழே விழட்டும். இல்லாவிட்டால் அதைப் பிள்ளைகளுக்கே விட்டுவிடுங்கள், வாரம் ஒருமுறை கவிழ்த்துக் கொட்டினால் போதும். நான் இரண்டாவதைத்தான் செய்வேன், புளியங்கொட்டை கணக்குப் பாடத்துக்கு ஆகும்.

நேர்கேள்வி · ஆகஸ்ட் 24, இரவு 10:00

அந்த 600 ரூபாய் வந்ததா?

ஊசிநூல் · ஆகஸ்ட் 24, இரவு 10:12

வந்தது தம்பி. அதில் இருநூறை இரண்டு பாவாடைக்குக் கொடுத்தேன்.

பழைய_கரும்பலகை · ஆகஸ்ட் 25, காலை 6:05

பதிவேட்டில் ஏற்றிவிட்டார்களா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள் அம்மா. மார்கழி பிறந்ததும் மறுபடி போய் உட்காருங்கள். இந்தத் தடவை வடகிழக்கு மூலையில்.